ஏழு நிரைத் தேயிலை

அன்னிக்குத் திடலில் நின்றவர்கள்:

லீக் ஆபிசிலிருந்து வந்த என்சிக் ஹம்சா. கையில் அளக்கிற நாடா வைத்திருந்தார்.

தோட்டத் துரை. தொப்பி போட்டிருந்தார்.

தோட்டத்துக் கணக்கு எழுதுகிற பெரிய கிராணி சுப்பையா. மழை இல்லை. இருந்தும் குடை விரித்திருந்தார்.

எங்கள் கேப்டன் அருள். தோட்டத்து லோரி ஓட்டுகிறவன்.

தில். நேப்பாளத்துக்காரர், மருந்து அடிக்கும் வேலை. நாடாவின் அடுத்த முனையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மேட்டில் கொழுந்து எடுக்கிற பெண்கள் நாலு பேர். அதில் ஒருத்தி என் மனைவி பாக்கியம்.

கடைசியில் நான்.

என்சிக் ஹம்சா நாடாவைக் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். மறுபடி குனிந்து பார்த்தார். எண்பத்து நாலு புள்ளி ஆறு மீட்டர் என்று மலாயில் சொன்னார். லீக் ஆட்டம் நடத்தத் திடல் தொண்ணூறு மீட்டர் நீளம் இருக்க வேண்டும்.

துரை தொப்பியைக் கழற்றினார்.

இதை எழுதச் சொன்னது கவிதா. எங்கள் காற்பந்து கிளப்புக்கு இப்போது அவள்தான் செயலாளர். பகலில் சுற்றுலாக்காரர்களுக்குத் தேத்தண்ணி விற்கும் கடையில் கல்லாவில் இருக்கிறாள். இந்த வருஷம் கிளப்பை மறுபடி லீகில் சேர்க்க மனு போடுகிறார்கள். அதற்குப் போன தடவை என்ன நடந்தது என்று ஒருவர் எழுதித் தர வேண்டுமாம்.

"அங்கிள், நீங்க வாயால சொல்லுங்க. நான் எழுதிக்கிறேன்" என்றாள்.

"நானே எழுதுறேன்" என்றேன். நான் படித்தது ஆறாம் வகுப்பு வரை. எழுத்துப் பிழையை மட்டும் அவள் திருத்தட்டும்.

நான் இந்தத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்தவன். பதினேழு வயதில் டீமில் சேர்ந்தேன். இடது பக்கம் ஓடுவேன். காலையில் பெரட்டில் வரிசை நின்று பெயர் கொடுப்பது, அப்புறம் செடி கவ்வாத்து வேலை, மத்தியானத்துக்கு மேல் பந்து. யாரும் சொல்லித் தரவில்லை. திடல் சரிவாக இருக்கும். மேலே இருந்து கீழே ஓடினால் பந்து நமக்கு முன்னால் போகும். கீழே இருந்து மேலே ஓடினால் மூச்சு முன்னால் போகும். கீழ்க் கோலுக்குப் பின்னால் பள்ளம். பந்து விழுந்தால் பத்து நிமிஷம் போச்சு. பதினாலு வருஷம் ஆடினேன். அவ்வளவுதான்.

ஆட்டம் எல்லாம் மலைக்குக் கீழே. தாப்பாவில் ஆடியிருக்கிறோம், ஈப்போ பக்கம் ஆடியிருக்கிறோம். எங்கள் திடலுக்கு யாரும் வர மாட்டார்கள். மலை ஏற வேண்டும். ஏறி வந்தாலும் திடல் கட்டை. கோலா தெர்லாவிலிருந்து காய்கறி ஏற்றிக்கொண்டு இறங்கும் லோரி எங்கள் தோட்டத்து முனையில் நிற்கும். கோபிஸ் என்கிற முட்டைக்கோஸ் கூடைகளுக்கு நடுவில் உட்கார்ந்து போவோம். இறங்கும்போது உடம்பெல்லாம் கோபிஸ் வாடை. கீழே உள்ளவர்களுக்கு அது தெரியும். நாங்கள் திடலுக்குள் நுழைந்தால் ஒரு சத்தம் வரும்.

"கோபிஸ் வந்துருச்சுடா! கிலோ என்ன வெலை?"

எங்கள் ஆள் ஒருவன் திருப்பிக் கொடுப்பான். "மூணு கோல். பை நீங்க கொண்டாங்க."

சில நாள் கொடுத்தோம். பல நாள் வாங்கினோம்.

இருபத்து நாலு வயதில் எனக்குக் கல்யாணம். பாக்கியம் ரிங்லெட் பக்கத்துத் தோட்டம். நான் பந்து ஆடுகிறவன் என்று சொல்லித்தான் பெண் கேட்டார்கள். அவளுக்கு அது பிடித்திருந்தது என்று பின்னால் தெரிந்தது. ஆனால் நான் ஆடி அவள் பார்த்ததில்லை. லோரியில் பெண்களுக்கு இடம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை அவளுக்குத் துவைக்கிற வேலை. திடலுக்கு மேலே இருக்கும் பழைய தேயிலை மலையில்தான் அவள் கொழுந்து எடுத்தாள். நாங்கள் பயிற்சி செய்வதைப் பார்ப்பாள்.

ஒரு தடவை கேட்டாள். "இங்கயே ஒரு நாள் வெளியாளுங்களோட ஆட மாட்டீங்களா?"

"ஆடலாம்" என்றேன்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது இருக்கும்.

முப்பத்தொன்றில் முட்டி போனது. டாக்டர் ஓடாதே என்றார். ஓடவில்லை. தோட்டத்தில் என்னைக் கோச் ஆக்கினார்கள். ஈப்போவில் மூன்று வாரம் படிப்பு. பரீட்சை மலாயில். எழுத வராத இடத்தில் படம் போட்டேன். பதினொரு வட்டம், அம்புக்குறி. திருத்தியவர் கூப்பிட்டு, "நீ எழுதாதே, வரைந்தே காட்டு" என்று மலாயில் சொன்னார். பாஸ் ஆனேன்.

கோச் வேலையில் நான் கண்டுபிடித்தது ஒன்றே ஒன்று. அதைச் சொல்கிறேன்.

எங்கள் தோட்டத்தில் கொழுந்து வெட்டும் மெஷினை இரண்டு பேர் தூக்குவார்கள். நிரைக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். நடுவில் மெஷின் செடியின் தலையை வெட்டிக்கொண்டு போகும். ஒருவர் வேகமாக நடந்தால் மெஷின் சாயும். சாய்ந்தால் பழைய இலையும் குச்சியும் சேர்ந்து வரும். கிராணி திட்டுவார். மெஷின் சத்தத்தில் பேச முடியாது. அதனால் இரண்டு பேரும் ஒருத்தர் காலை ஒருத்தர் பார்த்து நடப்பார்கள். நல்ல ஜோடிக்கு அதுவும் வேண்டாம். தோளில் பாரம் மாறுவதிலேயே தெரிந்துகொள்வார்கள்.

நான் டீம் எடுக்கும்போது திடலைப் பார்க்க மாட்டேன். மலையில் போய் நிற்பேன். எந்த ஜோடி சாயாமல் நடக்கிறதோ அந்த ஜோடியைக் குறித்துக்கொள்வேன். ஒருவனைப் பின்னால் போடுவேன், இன்னொருவனை அதே பக்கம் முன்னால் போடுவேன். அருளும் மோகனும் அப்படி வந்தவர்கள். அருள் அப்போது லோரிக்குப் போகவில்லை. இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. ஏதோ கோழிச் சண்டை. ஆறு வருஷம் பேசாமல் ஒரே மெஷினைத் தூக்கினார்கள். திடலில் மோகன் தலை நிமிராமல் பந்தை அனுப்புவான். அருள் அங்கே நிற்பான்.

ஒரு நாள் மோகனைக் கேட்டேன். "ஏன்டா, எப்படித் தெரியுது ஒனக்கு?"

"என்ன அண்ணே தெரியணும்? அந்தப் பன்னி அங்கதான் போவான்."

பத்தொன்பது வருஷம் கோச்சாக இருந்தேன். ஆட்டம் எல்லாம் கீழேதான். லோரி போய் வேன் வந்தது. வேனிலும் பெண்களுக்கு இடம் இல்லை.

பிறகு கிளப்புக்கு டைரக்டர் ஆனேன். பெரிய விஷயமில்லை. பகாங் பக்கத்து லீகில் சேரக் கிளப்புக்கு டைரக்டர் என்று ஒரு பெயர் தேவைப்பட்டது. தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெசர் முதலில் இருந்தார். அவர் மாற்றலாகிப் போனார். மிச்சம் இருந்தவர்களில் எனக்குத்தான் வயது அதிகம். கையெழுத்துப் போடப் பழகினேன்.

லீகில் ஒரு விதி. பாதி ஆட்டம் சொந்தத் திடலில் நடக்க வேண்டும். சொந்தத் திடல் இல்லாத கிளப்புக்கு இடம் இல்லை. மனுத் தாளைப் படித்துச் சொன்னது அருள். நான் இரண்டு தடவை படிக்கச் சொன்னேன்.

வீட்டில் போய்ப் பாக்கியத்திடம் சொன்னேன். "இங்கயே ஆடப் போறோம்."

அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். "யாரோட?"

"வெளியாளுங்களோட."

களைவதை நிறுத்தினாள். மறுபடி களைந்தாள்.

துரையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆபிசில் எதைக் கேட்டாலும் அவர் பதில் சொல்ல மாட்டார். "சரி, நடப்போம்" என்பார். கேட்ட இடத்துக்கு நடந்து போவார். நாம் பின்னால் போக வேண்டும். கையில் மூன்றடிக் குச்சி. வழியில் பேச மாட்டார். இடத்துக்குப் போய் நின்று பார்ப்பார். தொப்பியைக் கழற்றினால் முடியாது என்று அர்த்தம். தொப்பி தலையில் இருந்தால் நடக்கும். லீவு கேட்டுவிட்டு வருகிறவனை லயத்தில், "தொப்பி நின்னுச்சா?" என்றுதான் கேட்பார்கள்.

திடலின் மேல் முனையில் பழைய மலைத் தேயிலை ஆரம்பிக்கிறது. கீழ் முனை பள்ளம். நீட்ட வேண்டுமானால் மேலேதான் நீட்ட வேண்டும். எவ்வளவு என்று பார்க்க நான் செடியை எண்ணினேன். திடலுக்குப் பக்கவாட்டில் அதே மலையின் நிரை ஒன்று ஓடுகிறது. எங்களுக்கு நீளம் என்றால் செடிதான். மருந்து அடிப்பது செடிக் கணக்கு, கவ்வாத்து செடிக் கணக்கு. கிராணி புத்தகத்தில் செடிக்குச் செடி நாலடி என்று இருக்கிறது. எழுபத்திரண்டு செடி. இருநூற்று எண்பத்தெட்டு அடி. தொண்ணூறு மீட்டருக்கு ஏழெட்டு அடி குறைவு. இரண்டு நிரை எடுத்தால் போதும்.

துரையிடம் போய்க் கேட்டேன். நடந்தோம். பார்த்தார். தொப்பி நின்றது.

"ரெண்டு நிரை முத்து. அதுக்கு மேல ஒரு செடி கிடையாது."

"வேணாம் துரை. ரெண்டு போதும்."

எண்பது செடி. அத்தனையும் கிழட்டுச் செடி. அடித்தண்டு தொடை கனம். எடுத்தோம். அப்புறம்தான் என்சிக் ஹம்சா நாடாவோடு வந்தார். எண்பத்து நாலு புள்ளி ஆறு.

துரை தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"நாடா பிடிச்சுப் பாத்தியா முத்து?"

"இல்லே துரை. செடியை எண்ணுனேன்."

"எத்தனை?"

"இப்ப எழுபத்து நாலு. செடிக்கு நாலடி."

பெரிய கிராணி குடையைச் சாய்த்தார். "புத்தகத்துல நாலடிதான் இருக்கு துரை" என்றார். எழுதி வைத்தது அவருக்கு முன்னால் இருந்த கிராணி. இவர் மேல் தப்பில்லை.

துரை மேட்டில் ஏறினார். செடியை விலக்கினார். அடித்தண்டுக்கும் அடித்தண்டுக்கும் நடுவில் குச்சியை வைத்தார். அடுத்ததற்குப் போனார். அதற்கு அடுத்தது.

"மூணே முக்கால். இங்க மூணரை. இது நாலடி மலையே இல்லையே."

மேட்டில் நின்ற பாக்கியம் பேசினாள். சத்தமாக இல்லை.

"இது ஆள் காலால எட்டு வச்சு நட்ட மலை துரை. கட்டை எட்டு. புது மலையில ஒரு செடி எடுக்குற நேரத்துல இங்க ஒண்ணேகால் எடுப்போம். எங்க எல்லாருக்கும் தெரியும்."

"முத்துவுக்குத் தெரியாதா?"

"அவரு கேக்கலையே."

பெண்கள் சிரித்தார்கள். தில்லும் சிரித்தார், அவருக்குத் தமிழ் வரும். என்சிக் ஹம்சா மட்டும் முழித்தார். அருள் அவருக்கு மலாயில் சொன்னான். "பினி தியா தாஹு, தியா தா தான்யா." மனைவிக்குத் தெரியும், இவர் கேட்கவில்லை. அவர் நாடாவைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். "என் வீட்டிலேயும் அதே கதைதான் லா" என்றார்.

துரை சிரிக்கவில்லை.

"இன்னும் எத்தனை நிரை?"

"அஞ்சு."

"நிரைக்கு நாப்பது. இருநூறு செடி. மேல் ஆபிசுக்கு நான் என்ன சொல்றது?"

"முத்து தப்பா எண்ணிட்டான்னு சொல்லுங்க துரை."

"யாரு முத்துன்னு கேப்பாங்க."

"கேக்கட்டும்."

என்னைப் பார்த்தார். பிறகு நடந்தார். ஐந்து நிரையையும் ஒவ்வொன்றாக இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நடந்தார். நானும் பின்னால் நடந்தேன். என் முட்டிக்கு அது கஷ்டம். அவருக்குத் தெரியும். அதனால்தான் மெதுவாக நடந்தார் என்று நினைக்கிறேன். ஐந்தாவது நிரை முடிவில் ரொம்ப நேரம் நின்றார். நான் தொப்பியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். அது கையிலேயே இருந்தது.

"இத்தனை வருஷம் கீழ போய்த்தானே ஆடுனே. இப்ப மட்டும் ஏன் இங்க?" என்று கேட்டார்.

மேட்டைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். பெண்கள் நாலு பேரும் கூடையை மாட்டிக்கொண்டு வேலைக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

தொப்பியைப் போட்டுக்கொண்டார்.

"ஒண்ணுக்கு ரெண்டு நடணும். புது மலையில செத்த இடம் நிறைய கிடக்கு. நாத்து நான் தர்றேன். ஆளு நீ."

அவர் மேலே என்ன எழுதினார் என்று எனக்குத் தெரியாது. அடுத்த வருஷம் அவரை வேறு தோட்டத்துக்கு மாற்றினார்கள். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று அவர் சொன்னார்.

என்சிக் ஹம்சா இரண்டு மாதம் தவணை கொடுத்தார். ஞாயிறு ஞாயிறாக வேர் பறித்தோம். மேலே கத்தியால் வெட்டி, சுற்றிலும் சங்குல் மண்வெட்டியால் தோண்டி, சங்கிலி போட்டு டிராக்டரில் இழுக்க வேண்டும். மண்ணைச் சமன் செய்தோம். நானூறு நாற்று நட்டோம். பந்து ஆடுகிறவர்கள் பதினெட்டு பேரும் வந்தார்கள். ஆடாதவர்களும் வந்தார்கள். தில்லும் அவர் ஆட்களும் கூப்பிடாமல் வந்தார்கள். லீக் விதிப்படி அவர்கள் ஆட முடியாது. அதைச் சொன்னேன்.

"தெரியும் கோச். நாங்க பாப்போம்" என்றார் தில்.

இரண்டாம் தடவை நாடா பிடிப்பதற்கு முன்னால் பாக்கியத்தை நடக்கவிட்டோம். செருப்பைக் கழற்றிவிட்டு முனைக்கு முனை நடந்தாள். "இப்ப சரி" என்றாள். நாடா தொண்ணூறு புள்ளி இரண்டு காட்டியது.

இனி ஆட்டத்தைப் பற்றி.

முதல் சொந்தத் திடல் ஆட்டம் லிப்பிஸ் பக்கத்துக் கிளப்போடு. காலை பத்து மணி என்று நான் கேட்டு வாங்கினேன். எங்கள் இடத்தில் மத்தியானத்துக்கு மேல் பந்துக்கு உத்தரவாதம் கிடையாது. பள்ளத்திலிருந்து பனி ஏறிவிடும். இது எல்லாருக்கும் தெரியும். தெரியாமல் போனது இன்னொன்று. அது பள்ளி விடுமுறை ஞாயிறு. காலண்டரை யாரும் பார்க்கவில்லை. லயத்தில் பள்ளிக்குப் போகிற பிள்ளைகள் அப்போது குறைவு.

எட்டு மணிக்கே மேட்டில் ஆள் உட்கார்ந்துவிட்டது. பாய், குடை, தூக்குச்சட்டி. பெண்கள்தான் அதிகம். பாக்கியம் கல்யாணத்துக்குக் கட்டுகிற சேலை கட்டியிருந்தாள். மேலே ஸ்வெட்டர். நான் பார்த்ததைப் பார்த்துவிட்டு, "குளிருது" என்றாள். சேலையைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை.

பத்து மணி ஆனது. எதிர் டீம் வரவில்லை. அருள் போனில் பேசினான். கோயான் பாதையில் மண் சரிந்து ஒரு பக்கம்தான் விடுகிறார்களாம். அவர்கள் பஸ் அப்போதுதான் ரிங்லெட் தாண்டியிருந்தது. அதற்கு மேல் விடுமுறை நெரிசல். பிரிஞ்சாங்கிலிருந்து கியா பார்ம் வரை கார் நகரவில்லை.

பத்தரைக்கு நடுவர் என்னிடம் வந்தார். மலாய்க்கார இளைஞர், மரியாதையானவர். கைக்கடிகாரத்தைக் காட்டினார். விதிப்படி அரை மணி நேரம் காத்தாயிற்று. எதிர் டீம் வராததால் மூன்று கோல் வெற்றி எங்களுக்கு. மூன்று பாயிண்ட். நாங்களாகக் காத்திருக்கச் சம்மதித்தால் மூன்று மணி வரை அவர் இருப்பார். அதற்கு டைரக்டர் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் அந்த வெற்றியைப் பிறகு கேட்க முடியாது.

தாளை நீட்டினார்.

அருள் என் கையைப் பிடித்தான். "அண்ணே, சைன் போடாதீங்க லா. மூணு பாயிண்ட். நாம இருக்கிற நெலமைக்கு அது போதும், லீகுல நின்னுடலாம்."

"ஆட்டம்?"

"அடுத்த சொந்தத் திடல் ஆட்டம் அடுத்த மாசம் இருக்குல்ல. அப்ப ஆடுவோம்."

அவன் சொன்னது சரி. அவன் கேப்டன், சரியாகத்தான் சொன்னான். மோகன் பக்கத்தில் நின்றான். அவனும் தலையாட்டினான். ஆறு வருஷம் பேசாதவர்கள் அன்னிக்கு ஒரே பேச்சில் இருந்தார்கள்.

மேட்டிலிருந்து ஒரு குரல். மருதாயி. பாக்கியத்தோடு ஒரே நிரையில் வேலை செய்கிறவள். "என்ன கோச்சு, பந்து வீட்டுலயே மறந்துட்டாங்களா?"

பாக்கியம் பாயிலேயே உட்கார்ந்திருந்தாள். திடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இருபத்தாறு வயதில் நான் அவளிடம் "ஆடலாம்" என்று சொல்லியிருந்தேன். அன்னிக்கு எனக்கு அறுபதுக்கு மேல் ஆகியிருந்தது.

கையெழுத்துப் போட்டேன்.

அருள் கையை விட்டான். "சரி அண்ணே" என்றான். அதற்கு மேல் என்னிடம் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மத்தியானம் மேட்டிலேயே மீ கூன் சேமியா வறுத்தார்கள். நடுவருக்கும் கொடுத்தோம். யாரும் வீட்டுக்குப் போகவில்லை. பள்ளத்தில் வெயில் இருந்தது. நான் பள்ளத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்று மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது தேயிலைக்கு நடுவில் நடந்து வந்தார்கள். பஸ் தோட்டத்துப் பாதையில் திரும்ப முடியாமல் ரோட்டில் நின்றுவிட்டதாம். பையைத் தோளில் போட்டுக்கொண்டு வரிசையாக வந்தார்கள். ஒருவன் கையில் ஸ்ட்ராபெரிப் பொட்டலம்.

மருதாயி எழுந்து நின்றாள். "ஐயா! ஸ்ட்ராபெரி வாங்கத்தான் இவ்வளவு நேரமா? கிலோ என்ன வெலை?"

மேடே சிரித்தது. அவர்களில் தமிழ்ப் பையன் ஒருவன் இருந்தான். "மூணு கோல்மா. பை நீங்க கொண்டாங்க" என்றான். எங்கே கேட்டானோ.

களைத்திருந்தார்கள். முகம் வெளுத்திருந்தது. பஸ்ஸில் ஏழு மணி நேரம், அதுவும் மலைப் பாதை. இரண்டு பேர் வாந்தி எடுத்தார்கள். நடுவர் உடனே ஆரம்பிக்கலாமா என்று என்னைக் கேட்டார். அவர்களைப் பார்த்தேன். "இருபது நிமிஷம் கொடுங்க" என்றேன். தேத்தண்ணி கொடுத்தோம். நாங்களும் கீழே போய்க் கோபிஸ் கூடையிலிருந்து இறங்கியவுடன் ஆடியிருக்கிறோம். அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

மூன்றேகாலுக்கு ஊதினார்.

நான் சொல்லித் தந்த எல்லாம் அன்னிக்கு நடந்தது. பெருமையாகச் சொல்லவில்லை. பந்து கால் மாறிக் கால் போனது. புதிதாகச் சேர்த்த மேல் முனையில் மண் இன்னும் மெத்தென்று இருந்தது. அங்கே பந்து நின்று நின்று போகும். எங்கள் பையன்களுக்கு அது தெரியும், அவர்களுக்குத் தெரியாது. இரண்டு தடவை வழுக்கினார்கள்.

ஒன்பதாவது நிமிஷம் மோகன் பின்னால் இருந்து ஒரு பந்து அனுப்பினான். தலை நிமிரவில்லை. அருள் அங்கே இருந்தான். இடது காலால் அடித்தான். மேல் கட்டையில் பட்டு வெளியே போனது. கட்டை ஆடிய சத்தம் எனக்குக் கேட்டது.

நான் பந்தைப் பார்க்கவில்லை. மேட்டைப் பார்த்தேன். பாக்கியம் எழுந்து நின்றிருந்தாள். இரண்டு கையும் தலையில். வாய் திறந்திருந்தது. அவளை அப்படி நான் பார்த்ததில்லை. பக்கத்தில் தில்லும் அவர் ஆட்களும் குதித்துக்கொண்டிருந்தார்கள். அவள் திரும்பி அவர்களிடம் ஏதோ சொன்னாள். அருள் அடித்த விதத்தைக் காலால் ஆடிக் காட்டினாள். சேலையோடு.

பிறகு கீழ்க் கோல் கம்பத்தின் அடி தெரியவில்லை. பள்ளத்திலிருந்து பனி வந்தது. எங்கள் கோல் காவல்காரன் இடுப்பு வரை நின்றான். அப்புறம் தோள் வரை. அப்புறம் அவன் குரல் மட்டும் வந்தது.

நடுவர் பந்தை நிறுத்தச் சொன்னார். நடு வட்டத்தில் நின்றார். மேல் கோலைப் பார்த்தார். திரும்பினார். கீழ்க் கோலைப் பார்த்தார். நடுவில் இருந்து இரண்டு கோலும் தெரியாவிட்டால் ஆட்டம் இல்லை. அரை மணி நேரம் காத்தார். அவரால் ஆனதைச் செய்தார். பனி மேட்டுக்கும் ஏறியது. மேட்டில் இருந்தவர்கள் ஒருத்தரை ஒருத்தர் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு பாய் மடித்தார்கள்.

நடுவர் நீளமாக ஊதினார்.

லயத்துக்குப் போகும் வழியில் பாக்கியம் முன்னால் நடந்தாள். எனக்கு அவள் ஸ்வெட்டர் மட்டும் தெரிந்தது.

"அந்தப் பையன் இன்னும் கொஞ்சம் கீழ அடிச்சிருக்கணும்" என்றாள்.

"ஆமா."

"நீங்க அந்த எடத்துல எப்படி அடிப்பீங்க?"

நின்றேன். நாற்பது வருஷத்தில் அவள் என்னிடம் பந்தைப் பற்றி அப்படிக் கேட்டதில்லை. காலை எப்படி வைப்பேன் என்று சொன்னேன். வீடு வரும் வரை சொன்னேன். அவள் குறுக்கே பேசவில்லை.

மறு ஆட்டத்தைக் கீழே வைத்தார்கள். இரண்டு கோலில் தோற்றோம். பனி காரணமாக எங்கள் திடல் அந்த வருஷத்துக்கு வேண்டாம் என்று லீக் கமிட்டி சொல்லிவிட்டது. மிச்ச ஆட்டம் எல்லாம் கீழே. கடைசியில் இரண்டு பாயிண்ட் குறைவாக நின்று லீகை விட்டு வெளியே வந்தோம். நான் விட்ட மூன்று பாயிண்ட் இருந்திருந்தால் நின்றிருப்போம். இதை யாரும் என் முகத்துக்கு நேராகச் சொல்லவில்லை. நான் சொல்கிறேன். தப்பு என்னுடையது. டைரக்டர் பதவியை அந்த வருஷமே விட்டுவிட்டேன்.

கவிதா, உங்கள் எல்லாருக்கும் நான் சொல்வது: நாடா பிடிக்குமுன் கொழுந்து எடுக்கிறவர்களைக் கேளுங்கள். பள்ளி விடுமுறையைப் பாருங்கள். பத்தரைக்கு அவர்கள் வராவிட்டால் மூன்று பாயிண்டை வாங்கிக்கொள்ளுங்கள். நான் மறுபடி அந்த இடத்தில் நின்றால் என்ன செய்வேன் என்று கேட்காதீர்கள்.

மனுவில் ஒரு கட்டம் இருக்கிறது என்று சொன்னாய். கிளப் இதுவரை சொந்தத் திடலில் ஆடிய லீக் ஆட்டம். நடுவர் தாளின் நகல் அருளிடம் இருக்கிறது. பார்த்துப் போட்டுக்கொள்.

பதினேழு நிமிஷம்.